வௌவாலைப் பற்றி எழுதுவதாகச் சொன்ன பொய்

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. பொய் சொன்னவன் நான். கேட்டவள் என் மனைவி பியாட்ரிஸ். நேற்று, ஞாயிற்றுக்கிழமை மாலை நாலே முக்காலுக்கு மாலத்தீவிலிருந்து கூப்பிட்டாள். சாப்பாடு, மழை, நான் சர்ச்சுக்குப் போனது எல்லாம் பேசி முடித்த பிறகு சாதாரணமாகக் கேட்டாள்.

"இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்றாங்க. வியாழக்கிழமை மத்தியானத்துக்குள்ள சொல்லணும், வெள்ளி சனி இங்க லீவு. போடட்டுமா, வேண்டாமா?"

ஒரே வார்த்தையில் பதில் சொல்லக்கூடிய கேள்வி. நான் சொன்னது இது: "இப்ப ஒரு எழுத்து வேலையில இருக்கேன். வௌவாலைப் பத்தி ஒரு கட்டுரை. அதை முடிச்சிட்டுச் சொல்றேனே."

அவள் உயிரியல் டீச்சர். குன்னூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபது வருஷம் பாடம் நடத்திவிட்டு, இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாலத்தீவில் ஒரு குட்டித் தீவின் பள்ளிக்கூடத்துக்குப் போனவள். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் நான் வௌவால் என்று வாயைத் திறந்ததில்லை. ஆனாலும், என்ன தலைப்பு என்று கேட்டாள். வௌவால் எப்படிப் பறக்க வந்தது என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். முடித்ததும் அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன் என்றாள். டீச்சர் புத்தி.

ஆக, வாசகரே, இன்று திங்கள். வியாழக்கிழமை மத்தியானத்துக்குள் நான் ஒரு கட்டுரையும் ஒரு பதிலும் கொடுத்தாக வேண்டும். இரண்டில் எது சுலபம் என்று யோசித்துப் பார்த்துவிட்டுக் கட்டுரையை எடுத்துக்கொண்டேன்.

2

என்னைப் பற்றிக் கொஞ்சம். பெயர் ஞானசீலன். குன்னூரை அடுத்த ஜெகதளா பக்கத்தில் ஒரு டீ ஃபேக்டரியில் டைம் ஆபீஸ் கிளார்க். ஷிஃப்டுக்கு உள்ளே வருகிறவர்களையும் வெளியே போகிறவர்களையும் ரெஜிஸ்டரில் ஏற்றுவது வேலை. நடுவில் கதை எழுதுவேன். இதுவரை ஆறு வந்திருக்கிறது. அதில் நாலு ஒரே பத்திரிகையில் வந்தது, அந்தப் பத்திரிகை நின்றுபோய்விட்டது. அதற்கு நான் காரணமில்லை என்று பியாட்ரிஸ் மூன்று தடவை சொல்லியிருக்கிறாள். ஒரு தடவை சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

இனி தொடக்கங்கள்.

(அ) "ஐந்து கோடியே இருபது லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால், ஓர் ஏரியில் ஒரு சின்ன மிருகம் விழுந்து, சேற்றில் புதைந்து—"

அடித்துவிட்டேன். அந்த ஏரி அமெரிக்காவில் இருந்ததாம். நான் கோயம்புத்தூரைத் தாண்டியதில்லை. பார்க்காத ஏரியின் சேற்றில் எப்படிக் கால் வைப்பது?

(ஆ) "வௌவால் பறவையா மிருகமா என்று கேட்டால் சின்னப் பிள்ளையும்—"

சின்னப் பிள்ளைக்கே தெரியும் என்றால் என்னிடம் எதற்கு வர வேண்டும்.

(இ) "பறத்தல் என்பது இந்த உலகத்தில் நான்கு முறைதான் தோன்றியிருக்கிறது."

இது நிற்கட்டும். இது பியாட்ரிஸ் வீட்டில் விட்டுப்போன புத்தகத்தில் இருக்கிறது. முதலில் பூச்சிகள். அவை கெட்டிக்காரர்கள், ஒரு காலையும் இழக்காமல் முதுகில் இறக்கை வாங்கிக்கொண்டன. பிறகு டைனோசர் காலத்தில் இறக்கை வைத்த ஊர்வன சில இருந்தன. ஒரே ஒரு விரலை நீட்டி, அதிலிருந்து உடம்புவரை தோலை இழுத்துக் கட்டிப் பறந்து, ஒருநாள் அடியோடு இல்லாமல் போயின. மூன்றாவது பறவைகள். அவை முன்னங்கைகளைக் கொடுத்து இறகு வாங்கின. கடைசியாக வந்தது வௌவால். பாலூட்டிகளில் அது ஒன்றுதான் பறக்கிறது. அது தன் கையையே விரித்துவிட்டது. நான்கு விரல்கள் உடம்பளவுக்கு நீண்டு, அவற்றுக்கு நடுவில் தோல் பரவி, அதுதான் இறக்கை. கட்டை விரல் மட்டும் பழையபடி வெளியே நிற்கிறது, எதையாவது பற்றிக்கொள்வதற்கு.

அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலில் அவள் கையெழுத்து: "இது கை. சிறகு அல்ல. அழுத்திச் சொல்லவும்." எந்த வருஷத்து வகுப்புக்காக எழுதினாளோ. அந்த எழுத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். கட்டுரை இன்றைக்கு அத்தோடு நின்றது.

* ஓரக்குறிப்பு: கூடலூர், மசினகுடிப் பக்கக் காடுகளில் பறக்கும் அணிலைப் பார்த்ததாகச் சொல்வார்கள். அதை இந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது. அது உயரமான மரத்திலிருந்து தாழ்வான மரத்துக்குச் சறுக்குகிறது, அவ்வளவுதான். எங்கள் ஊர்ப் பையன்கள் பிளஸ் டூ முடித்துத் திருப்பூருக்கு இறங்குவது மாதிரி. இறங்குவதற்கு உயரமே போதும். பறப்பது என்றால் சொந்தப் பலத்தில் மேலே ஏற வேண்டும். நாற்பத்து நாலு வயதில், நீச்சல் தெரியாமல், கடலுக்கு நடுவில் வேலை தேடிக்கொண்டு போவது எந்த வகை என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

3

செவ்வாய். கட்டுரை எனக்கு வராது என்று தெரிந்துவிட்டது. கதையாக எழுதுகிறேன். கதை என்றால் ஆள் வேண்டும்.

பொன்ராஜ் என்று ஒருவன். வயது நாற்பத்தெட்டு. டீ ஃபேக்டரியில் டைம் ஆபீஸ் கிளார்க். (என் வேலையையே கொடுத்துவிட்டேன். வேறு வேலை எனக்குத் தெரியாது.) அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. இது எனக்கு வசதி. மனைவி இருந்தால் அவள் எங்கே என்று நீங்கள் கேட்பீர்கள்.

பொன்ராஜின் ஃபேக்டரியில் மாடி முழுவதும் இலை வாடப்போடுகிற இடம். நீள நீளமான தொட்டிகளில் பச்சை இலையைப் பரப்பி, அடியிலிருந்து காற்று விடுவார்கள். தகரக் கூரைக்கும் பலகை மச்சுக்கும் நடுவில் ஓர் இடுக்கு. கிழக்குச் சுவரில், கூரை முடிகிற இடத்தில், நாலு விரல் அகலத்துக்கு ஒரு பொந்து. அந்த இடுக்கில் சின்ன வௌவால்கள் குடியிருந்தன. பழம் தின்கிற பெரிய ரகம் இல்லை. பூச்சி தின்கிற, தீப்பெட்டி அளவு உடம்புள்ள ரகம்.

மே மாதம். பச்சை இலை வந்து குவிகிற சீசன். வெளியிலிருந்து ஆட்கள் சுத்தம் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. டீ மேக்கர் குமாரசாமி அவனைக் கூப்பிட்டார். டீ மேக்கர் என்றால் ஃபேக்டரியில் இலை உள்ளே வந்ததிலிருந்து தூளாக வெளியே போவதுவரை எல்லாவற்றுக்கும் பொறுப்பானவர். மச்சு இடுக்கிலிருந்து எச்சம் தொட்டியில் விழுந்தால் மானம் போய்விடும் என்றும், எப்படியாவது அதுகளை வெளியேற்றிப் பொந்தை அடைக்க வேண்டும் என்றும் சொன்னார். ஆனால் ஒன்றைக்கூட உள்ளே வைத்து அடைக்கக் கூடாது என்றும் சொன்னார். நல்ல மனிதர். செத்தால் நாறும் என்பதும் ஒரு காரணம்.

பொன்ராஜ் யோசித்தான். அவனுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். உள்ளே போனவர் எண்ணிக்கையும் வெளியே வந்தவர் எண்ணிக்கையும் சரியாக இருந்தால் உள்ளே யாரும் இல்லை. இருபத்தைந்து வருஷமாக அவன் இதை வைத்துத்தான் கேட்டைப் பூட்டுகிறான். ஆகவே ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு ஆறு நாள், பொழுது சாய்கிற நேரத்தில், முற்றத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பொந்திலிருந்து வெளியே வருவதை எண்ணினான். நூற்று நாற்பத்தொன்று. நூற்று நாற்பத்து மூன்று. நூற்று நாற்பத்து மூன்று. மறுபடி நூற்று நாற்பத்து மூன்று. கணக்கு நின்றுவிட்டது. ஏழாம் நாள் நூற்று நாற்பத்து மூன்றாவது வௌவால் வெளியே போனதும், இன்னும் பத்து நிமிஷம் காத்திருந்து, ஒன்றும் வராததைப் பார்த்து, ஏணியில் நின்ற ஃபிட்டருக்குக் கையைக் காட்டினான். ஃபிட்டர் தகரத்தை வைத்து அறைந்துவிட்டு இறங்கினான்.

பொன்ராஜ் நோட்டில் கையெழுத்துப் போட்டான். நேரமும் எழுதினான். அப்போது அவன் மனதில் ஏதோ ஓர் உறுத்தல்—

பொய். ஓர் உறுத்தலும் இல்லை. திருப்தியாக இருந்தது. வீட்டுக்குப் போய்த் தோசை சுட்டுச் சாப்பிட்டேன்.

பார்த்தீர்களா, "சாப்பிட்டேன்" என்று எழுதிவிட்டேன். பொன்ராஜ் இனி தேவையில்லை. அவன் என்னைவிட நல்லவனாக ஆகிக்கொண்டிருந்தான், அதனால் பிடிக்கவுமில்லை.

4

புதன்கிழமை காலை. வேலைக்குக் கிளம்புமுன் புத்தகத்தை மறுபடி எடுத்தேன்.

வௌவாலின் கதையில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. கிடைத்திருக்கிற மிகப் பழைய எலும்புக்கூடு எல்லாம் ஏற்கனவே வௌவாலாக இருக்கிறது. விரல் நீண்டாயிற்று, தோல் விரிந்தாயிற்று, பறந்தாயிற்று. அதற்கு முன்னால் மரத்தில் தொற்றித் திரிந்த ஏதோ ஒரு பிராணி இருந்திருக்க வேண்டும். பாதி விரல் நீண்ட ஒன்று, கிளைக்குக் கிளை தாவிக் கொஞ்சம் சறுக்கிப் பார்த்த ஒன்று. அது கிடைக்கவே இல்லை. எலும்பு மெலிசு, இருந்த இடம் ஈரக் காடு, மண்ணில் தங்கவில்லை என்கிறார்கள். தொடக்கம் தெரியாது, முடிவு கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, நடுவில் உள்ளது காணோம்.

எனக்கு இது புதிதில்லை. பியாட்ரிஸ் போனதும் இப்படித்தான்.

ஒருநாள் அவள் ஸ்டாஃப் ரூம் கதைகளைச் சொல்லிக்கொண்டு சப்பாத்தி தேய்க்கிறவளாக இருந்தாள். இன்னொரு நாள் பாஸ்போர்ட்டையும் வேலை உத்தரவையும் மேஜைமேல் வைத்தாள். நடுவில் என்ன நடந்தது? விண்ணப்பம் எப்போது போட்டாள், போனில் இன்டர்வியூ எப்போது நடந்தது, அந்த ஊர் பாஷையில் பத்து வார்த்தை எப்போது கற்றுக்கொண்டாள்? நான் மாலை ஷிஃப்டில் இருந்த நேரங்களில் என்றாள். மறைக்கவில்லை, நீங்கள் கேட்கவில்லை என்றாள். அதுவும் சரிதான்.

ஒரு தடயம் மட்டும் இருந்தது. அவளிடம் ஏழு ஸ்வெட்டர். இங்கே ஸ்வெட்டர் இல்லாமல் யாரும் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அந்த வருஷம் பொங்கலுக்கு ஒன்றைப் பள்ளிக்கூட ஆயாவுக்குக் கொடுத்தாள். பிறகு நீலத்தைக் காணோம். ஈஸ்டருக்குப் பீரோவில் நாலு இருந்தது. ஜூனில் இரண்டு. நான் பீரோவைத் தினமும் திறக்கிறவன், எண்ணிக்கையிலேயே பிழைப்பு நடத்துகிறவன். ஒரு தடவையும் எண்ணிப் பார்க்கவில்லை.

மண்ணில் தங்கவில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள அந்த ஆராய்ச்சியாளர்களுக்காவது வழி இருக்கிறது. எனக்கு அதுவும் இல்லை, கூடவே இருந்தேன்.

போகட்டுமா என்று அன்றைக்கும் கேட்டாள். "உன் இஷ்டம்" என்றேன். அப்படிச் சொன்னதில் எனக்குப் பெருமை வேறு. மனைவியைத் தடுக்காத புருஷன். ஃபேக்டரியில் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டேன். ஏர்போர்ட்டிலிருந்து திரும்பி வரும்போது பஸ் மலைப்பாதையில் பர்லியாறு தாண்டிக் குளிர ஆரம்பித்ததும், இனி வீட்டில் எனக்கு மட்டும் சமைக்க வேண்டும் என்பது உறைத்தது. அதன் பிறகு இரண்டு வருஷமாக உறைத்துக்கொண்டே இருக்கிறது.

* ஓரக்குறிப்பு: எங்களுக்குப் பிள்ளை இல்லை. அது ஒரு பழைய வருத்தம், இந்தக் கதையில் அதற்கு வேலை கிடையாது. அடுத்த பகுதியில் குட்டிகள் வரும்போது அதை இதோடு முடிச்சுப் போட வேண்டாம். அவை வௌவால் குட்டிகள்தான்.

5

தகரம் அடித்த மறுநாள் காலை ஏழேகால். நான் ரெஜிஸ்டரைத் திறந்துகொண்டிருந்தேன். ஆயம்மாள் வந்து ஜன்னலில் நின்றது. மாடியில் இலை பரப்புகிற பெண், ஐம்பது வயதிருக்கும், என்னைவிட சீனியர். டோக்கன் கொடுக்க வரவில்லை.

"ஏனுங்க சார், வெளிய வந்து பாருங்க. தாய்க்காரிக எல்லாம் செவுத்துல தொங்கறாளுங்க."

போய்ப் பார்த்தேன். நல்ல வெயில். தகரத்தின் மேல், அதைச் சுற்றிச் சுவரில், கூரை ஓரத்தில், கொத்துக் கொத்தாக வௌவால்கள். பகல் வெளிச்சத்தைக் கண்டால் ஓடி ஒளிகிற ஜாதி, பட்டப்பகலில் தகரத்தை அப்பிக்கொண்டிருந்தது. சில அந்தத் தகர விளிம்பில் கட்டை விரலை மாட்டி இழுத்துக்கொண்டிருந்தன. காக்கைகள் அதற்குள் வந்துவிட்டன. ஒரு காக்கை சாவகாசமாக ஒன்றைக் கொத்திக்கொண்டு போனதை நான் பார்த்தேன்.

வேறு இடம் தேடிப் போக வேண்டியதுதானே என்று ஆயம்மாளிடம் கேட்டேன். அதுதான் என் புத்தி. அது என்னை ஒரு பார்வை பார்த்தது.

"உள்ள குட்டி கத்துதுங்க சார். உங்களுக்குக் கேக்கலீங்களா?"

கேட்கவில்லை. இன்றுவரை எனக்கு அந்தச் சத்தம் கேட்டதில்லை. மெஷின் ஓசையில் போன காதாக இருக்கலாம். ஆயம்மாளும் அதே மெஷின் பக்கத்தில்தான் முப்பது வருஷமாக வேலை செய்கிறது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் எண்ணியது வெளியே போனவற்றை. பறக்கத் தெரியாதது வெளியே போகாது. வெளியே போகாதது என் நோட்டில் ஏறாது. நூற்று நாற்பத்து மூன்று தாய்கள் வெளியே போனதை ஆறு நாள் சரிபார்த்து, ஏழாம் நாள் குட்டிகளை உள்ளே வைத்து அடைத்திருக்கிறேன். டைம் ஆபீஸ் கிளார்க் தவிர வேறு யாராலும் இவ்வளவு ஒழுங்காக இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது.

ஃபிட்டர் இன்னும் வரவில்லை. நானே ஏணியில் ஏறினேன். (ஏணி என்றால் எனக்குப் பயம். இதைப் பியாட்ரிஸ் நம்ப மாட்டாள்.) ஸ்பேனரை விட்டு நெம்பித் தகரத்தைப் பிடுங்கினேன். என் முகத்தில் மோதிக்கொண்டு அவை உள்ளே பாய்ந்தன. மச்சுப் பலகை ஒன்றைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தபோது இடுக்கின் மூலையில் குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக, குளிருக்கு ஒட்டிக்கொண்டு கிடந்தன. ரோமம் சரியாக முளைக்காத, ஈரமான களிமண் நிறம். பாதி அசைந்தது. பாதி அசையவில்லை. பாதி என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். நான் எண்ணவில்லை. இருபத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாக, எண்ண வேண்டிய இடத்தில் நான் எண்ணவில்லை.

குமாரசாமி வந்தார். மேலே பார்த்தார். என்னைத் திட்டுவார் என்று நின்றேன். அவர் தொட்டிகளுக்கு மேலே மச்சோடு சேர்த்து பிளாஸ்டிக் ஷீட் கட்டச் சொன்னார். சுத்தம் பார்க்க வருகிறவர்களிடம் உள்ளதைச் சொல்லிவிடுவதாகவும், குட்டிகள் பறந்து போன பிறகு அடைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அவர்கள் வந்து அதை ஒரு குறை என்று எழுதிக்கொண்டு போனார்கள். அவ்வளவுதான். அடைக்காமலே இருந்திருந்தாலும் அவ்வளவுதான் ஆகியிருக்கும்.

6

இதைப் பியாட்ரிஸிடம் நான் சொல்லவில்லை. மூன்று வாரம் ஆகிறது. மூன்று ஞாயிற்றுக்கிழமை சமையல், மழை, குமாரசாமியின் முழங்கால் எல்லாம் பேசியிருக்கிறோம். இது வாயில் வரவில்லை. வௌவால் மேயில் குட்டி போடும் என்பது அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். நான் கேட்கவில்லை. கேட்பது எனக்கு வருவதில்லை, அதுதான் விஷயம்.

அன்று காலை நடந்த இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன்.

நான் பலகையைக் கழற்றியபோது ஒரு குட்டி தவறித் தொட்டியில் இலைமேல் விழுந்தது. ஆயம்மாள் அதைச் சாக்குத் துணியில் எடுத்துவந்து வெளியே சுவரில், நிழல் விழுகிற பக்கத்தில், சொரசொரப்பான இடமாகப் பார்த்து ஒட்டவைத்தது. கால் நகத்தால் பற்றிக்கொண்டது. காக்கை வராமல் இருக்க ஆயம்மாள் விளக்குமாற்றோடு பக்கத்தில் நின்றது. எனக்கு ஷிஃப்ட் கணக்கு காத்திருந்தது, ஆனாலும் நானும் நின்றேன்.

வௌவால்கள் இரைதேடப் போகும்போது குட்டிகளை மொத்தமாக ஓரிடத்தில் விட்டுவிட்டுப் போகும். திரும்பி வந்து அத்தனையில் தன் குட்டியைத் தேடிப் பிடிக்கும். குரல்தான் முதல் அடையாளம், வாசனை பிறகு. இதெல்லாம் புத்தகத்தில் பின்னால் படித்தது. அன்றைக்கு நான் கண்டது இதுதான்: பொந்துக்குள் போகாமல் இன்னும் சில வெளியே சுற்றிக்கொண்டிருந்தன. ஒன்று குட்டிமேல் தாழ்ந்து வந்து விலகிப் போனது. இன்னொன்று வந்தது, போனது. ஐந்தாறு அப்படி வந்துபோயின. ஆயம்மாள் குட்டியின் பக்கம் குனிந்து, தூங்குகிற பிள்ளையை ஸ்கூலுக்கு எழுப்புகிற குரலில் சொன்னது.

"கத்து சாமி. கத்துனாத்தான வருவா."

குட்டியின் வாய் திறந்து மூடியது தெரிந்தது. எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு வௌவால் நேராக வந்து அதன்மேல் உட்கார்ந்து, முகர்ந்து, மூடிக்கொண்டது. குட்டி அடிவயிற்றில் தொற்றியது. தாய் சுவரில் தொற்றி இன்னும் கொஞ்சம் மேலே ஏறி, அங்கிருந்து கையை விட்டுக் கீழே விழுந்தது. தரைக்கு இரண்டடி இருக்கும்போது விரிந்து எழும்பியது. அவற்றுக்குத் தரையிலிருந்து கிளம்புவது கஷ்டம். முதலில் விழ வேண்டும்.

நான் டைம் ஆபீஸுக்குத் திரும்பி வந்து அரை மணி நேரம் ரெஜிஸ்டரைத் தலைகீழாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரும் கவனிக்கவில்லை.

* ஓரக்குறிப்பு: மிகப் பழைய வௌவால் எலும்புகளில் ஒன்றைப் பார்த்துவிட்டு, அது பறக்கும், ஆனால் குரல் கொடுத்து எதிரொலியில் வழி கண்டுபிடிக்கத் தெரியாது என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். அப்படியானால் பறக்க வந்தது முதலில், கூப்பிட வந்தது பிறகு. இன்னொரு சாரார் இல்லை என்கிறார்கள். தீர்ப்பு வரவில்லை.

7

வியாழக்கிழமை. காலை ஒன்பதரை. இலை லாரிகள் வந்துகொண்டிருக்கின்றன. முடிவுகளை எழுதிப் பார்க்கிறேன்.

முடிவு ஒன்று. அவள் கையெழுத்துப் போடுகிறாள். நான் வாழ்த்துச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுகிறோம். அவள் நீந்துவதை வீடியோவில் காட்டுகிறாள். (நீந்தக் கற்றுக்கொண்டுவிட்டாள். அதையும் நான் ஷிஃப்டில் இருந்தபோதுதான் கற்றிருப்பாள் போல.) இது நடக்கக்கூடிய முடிவு. கதையாக எழுதினால் யாரும் போட மாட்டார்கள், ஒன்றுமே நடக்கவில்லை என்பார்கள். இரண்டு வருஷமாக ஒன்றுமே நடக்காமல் இருப்பது எப்படி இருக்கும் என்று அப்படிச் சொல்கிற எடிட்டருக்குத் தெரியாது.

முடிவு இரண்டு. அவள் சொல்லாமல் வந்து இறங்குகிறாள். மழை. குன்னூர் பஸ் ஸ்டாண்டில் குடை இல்லாமல்—

இதைத் தூக்கி எறியுங்கள். அவள் ஒருநாளும் குடை இல்லாமல் வந்தவளில்லை.

முடிவு மூன்று. நான் வேலையை விட்டுவிட்டு அங்கே போகிறேன். இதை நேற்று மத்தியானம் ஒரு பக்கம் எழுதினேன். அந்தத் தீவில் ஒரு டைம் ஆபீஸ் கிளார்க்குக்கு என்ன வேலை என்ற இடத்தில் பேனா நின்றது. பழந்தின்னி வௌவால்கள் அங்கே தென்னைமரத்துக்கு மேலே பகலிலேயே பறக்கின்றன. வீடியோ அனுப்பியிருந்தாள். பின்னால் அவள் குரல் கேட்டது. "இந்தத் தீவுக்குத் தானா வந்து சேர்ந்த பாலூட்டி இது ஒண்ணுதாங்க. மத்ததெல்லாம் மனுசன் கொண்டாந்தது." அதைச் சொல்லும்போது அவள் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் எத்தனை தடவை கேட்டேன் என்று சொல்ல மாட்டேன். அந்தக் குரல் இந்த வீட்டில் கடைசி ஐந்தாறு வருஷம் இல்லை. அதுவும் எனக்குத் தெரியும்.

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டிருக்கிறேன், வாசகரே. வா என்று சொன்னால் அவள் வந்துவிடுவாளோ என்று பயம். வந்து, அந்தக் குரல் போய்விடுமோ என்று பயம். சொன்னபிறகும் வராமல் போவாளோ என்று அதைவிடப் பெரிய பயம். அவளைப் பிடித்துவைக்க எனக்கு ஆசை இல்லை. பிடித்துவைக்க ஆசையாகவும் இருக்கிறது. இரண்டும் உண்மை, இரண்டையும் ஒரே மெசேஜில் எழுத வரவில்லை.

நான்காவது முடிவு எனக்குத் தோன்றவில்லை. உங்களுக்குத் தோன்றினால் ஓரத்தில் பென்சிலில் எழுதிக்கொள்ளுங்கள்.

8

பியாட்ரிஸ், இனி வாசகரை நடுவில் உட்காரவைத்துக்கொண்டு பேச வேண்டியதில்லை. அவர் வேண்டுமானால் இருந்து கேட்கட்டும்.

கட்டுரை என்று சொன்னேன், இது கட்டுரை இல்லை. தப்பு இருந்தால் திருத்து. பறத்தல் நான்கு முறை என்பதை உன் புத்தகத்தில் பார்த்துத்தான் எழுதினேன். குட்டிகள் விஷயத்தில் நீ என்னைத் திட்டுவாய், திட்டு. மிச்சமிருந்த குட்டிகள் போன வாரம் பறக்க ஆரம்பித்துவிட்டதாக ஆயம்மாள் சொன்னது. இப்போது கணக்கு கூடியிருக்க வேண்டும். நான் எண்ணப் போகவில்லை.

"உன் இஷ்டம்" என்று அன்றைக்குச் சொன்னது உனக்குக் கதவைத் திறந்துவைத்தது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். உனக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசித்ததில்லை. இருந்தாலும் ஒன்றுதான், போனாலும் ஒன்றுதான் என்று கேட்டிருக்கும். அப்படி இல்லை. ஒருநாளும் அப்படி இருந்ததில்லை.

கையெழுத்துப் போடாதே. வந்துவிடு. நீ இல்லாமல் எனக்கு நன்றாக இல்லை. வந்து குன்னூரில் இருக்க முடியவில்லை என்றால் வேறு எங்கே என்று இரண்டு பேரும் உட்கார்ந்து பேசலாம், இந்தத் தடவை நான் ஷிஃப்டில் இருக்க மாட்டேன். இதையெல்லாம் படித்த பிறகும் அங்கேயே இருக்க வேண்டும் என்று தோன்றினால், கையெழுத்துப் போடு. நான் கோபிக்க மாட்டேன். அழுவேன், அது வேறு. ஆனால் நான் கூப்பிட்டேன் என்பது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நீ என்ன செய்வாய் என்பது இந்தக் கதையில் இல்லை. அதை என்னால் எழுத முடியாது, எழுதவும் மாட்டேன்.

லாரிகள் எல்லாம் போய்விட்டன. எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்தாயிற்று, இதை எழுதி முடித்ததும் இதையும் எடுத்து அனுப்பிவிடுவேன். இங்கே மணி பன்னிரண்டு. அந்த ஊர்க் கடிகாரம் நம் ஊரைவிட அரை மணி பின்னால் என்பது எனக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது. அங்கே பதினொன்றரைதான் ஆகிறது. போனை மேஜைமேல் வைக்காமல் கையிலேயே வைத்திருக்கிறேன்.